பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டும் உழைப்பாளர் சிலையும்

சரோஜினி நகர் என்றாலே உங்களில் பாதிப் பேருக்கு மார்க்கெட்தான் ஞாபகம் வரும். ஊரிலிருந்து யார் தில்லிக்கு வந்தாலும் தாஜ்மஹாலுக்கு அடுத்தபடியாகக் கேட்பது அதைத்தான். "சரோஜினியில நூறு ரூபாய்க்கு டாப்ஸ் கிடைக்குமாமே, அழைச்சிட்டுப் போறீங்களா?" இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் பார்த்து வரும் சம்பளமில்லாத உபரி வேலை இது.

ஆனால் இந்தப் பதிவு மார்க்கெட் பற்றி அல்ல. அதே சரோஜினி நகரிலிருந்து ஆட்டோ பிடித்தால் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஓர் இடத்தைப் பற்றி. பதிமூன்று வருடம் அந்த வழியாகப் போய் வந்தும் நான் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காத இடம். இந்தியா கேட் பக்கத்தில் ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் தேசிய நவீனக் கலைக்கூடம். 2024 மார்ச் 29-ஆம் தேதி அதற்கு 70 வயது நிறைந்தது.

நான் பி.காம். வங்கி அதிகாரி. சொந்த ஊர் துறையூர். ஓவியத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், பூஜை அறையில் மாட்டியிருந்த சிவகாசி காலண்டரோடு சரி. அந்தக் காலண்டர் சாமி படங்களுக்கு வழி போட்டவர் கோவில்பட்டி கொண்டையராஜு என்பதே இந்த ஊருக்கு வந்த பிறகு தெரிந்துகொண்ட விஷயம். அப்பேர்ப்பட்ட ஆளுக்குக் கலைக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? பெண்ணைப் பெற்றவனுக்கு எல்லா இடத்திலும் வேலை இருக்கிறது.

*

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

தங்கமணி மத்திய அரசு ஊழியர். அவருக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ்தான் எங்களை சரோஜினி நகர்வாசிகள் ஆக்கியது. பழைய இரண்டு மாடி வீடு. வாசலில் வேப்பமரம். பிள்ளையார் கோயில் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்க் குரல் கேட்டுக்கொண்டு தூங்கி எழலாம். என் பெண் அப்போது ஐந்து வயது. பின்பக்க வராந்தாச் சுவரில் கிரேயானால் ஒரு ரயில் வரைந்தாள். அடுத்த வாரம் அதற்கு இன்னொரு பெட்டி. அப்படியே பெட்டி சேர்ந்து சேர்ந்து ரயில் வராந்தாவைத் தாண்டிச் சமையலறை வரை வந்துவிட்டது. வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடித்துக்கொள்வார்களோ என்பது மட்டும்தான் அதைப் பார்த்து எனக்கு வந்த கவலை.

பிறகு காலனி முழுவதையும் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டும் திட்டம் வந்தது. 2018-இல் மரங்களை வெட்டக் கூடாது என்று தெருவில் இறங்கியவர்களில் நாங்களும் ஒரு மாலை நின்றோம். அப்புறம் வேறு பிளாக்குக்கு மாறச் சொன்னார்கள், மாறினோம். வெள்ளையடிக்க யாரும் ஒரு பைசா கேட்கவில்லை. சுவரே போய்விட்டது, வெள்ளை எதற்கு? ரயிலைப் போட்டோகூட எடுத்து வைக்கவில்லை நான்.

அந்தப் பெண் 2024 ஏப்ரலில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனாள். காமர்ஸ் க்ரூப். நானே சேர்த்துவிட்டேன். பி.காம்., பிறகு சி.ஏ. அல்லது வங்கித் தேர்வு என்று என் மனசுக்குள் ஒரு அமார்ட்டைசேஷன் அட்டவணையே போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்:

"அப்பா, நான் பி.எஃப்.ஏ. படிக்கப் போறேன். ஓவியம்."

"அதுக்கு எதுக்கும்மா காலேஜு? லீவுல வரையறதுதானே?"

பேச்சு அதோடு நின்றது. இரண்டு நாள் வீட்டில் ரசம் மட்டும்தான். தங்கமணிதான் சமாதானத் தூது வந்தார். "முதல்ல அவ சொல்ற அந்த இடத்துக்கு ஒருதரம் போய்ட்டு வாங்க. பார்க்காமலே வேண்டாம்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?" அந்த இடம்தான் ஜெய்ப்பூர் ஹவுஸ். மார்ச் 31 ஞாயிறு போவதாக ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். ஆனால் அந்த வருடம் நிதியாண்டின் கடைசி நாள் ஞாயிறில் விழுந்து தொலைத்ததால், அரசுக் கணக்குகளைக் கையாளும் வங்கிகள் திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஆக எழுபதாவது பிறந்தநாள் வாரத்தைக் கோட்டை விட்டுவிட்டு அடுத்த ஞாயிறுதான் போனோம். ஆட்டோக்காரருக்கு மாடர்ன் ஆர்ட் கேலரி என்றால் தெரியவில்லை. ஜெய்ப்பூர் ஹவுஸ் என்றதும் வண்டியைத் திருப்பிவிட்டார்.

*

முதலில் கட்டடத்தின் கதை.

வெள்ளைக்காரன் தில்லியைத் தலைநகராக்கியபோது, இன்று இந்தியா கேட் என்று நாம் ஐஸ்க்ரீம் தின்னும் இடத்தைச் சுற்றி சமஸ்தான மகாராஜாக்களுக்கு மனை ஒதுக்கினான். ஹைதராபாத், பரோடா, பிகானேர் எல்லாருக்கும் அங்கே மாளிகை உண்டு. அதில் ஜெய்ப்பூர் மகாராஜாவின் மாளிகை 1936-இல் கட்டியது. வடிவமைத்தவர் பெயர் ப்ளோம்ஃபீல்ட். மேலிருந்து பார்த்தால் பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி இருக்கும், நடுவில் ஒரு குவிமாடம். சுதந்திரம் வந்தது, சமஸ்தானங்கள் போயின, மாளிகைகள் சர்க்கார் கைக்கு வந்தன.

நம் நாட்டுக்கென்று ஒரு நவீன ஓவியக் கூடம் வேண்டும் என்ற பேச்சு 1949-லேயே எழுந்துவிட்டது. பிரிவினை, அகதிகள், பஞ்சம் என்று எல்லாத் தலைவலியும் இருந்த காலம். பட்ஜெட் போடத் தெரிந்த எவனும் "இப்போ இது அவசியமா?" என்றுதான் கேட்பான். நானும் கேட்டிருப்பேன். ஆனாலும் செய்தார்கள். 1954 மார்ச் 29 அன்று, பிரதமர் நேரு உடனிருக்க, குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் கலைக்கூடத்தைத் திறந்து வைத்தார். முதல் பொறுப்பாளர் ஹெர்மன் கோட்ஸ் என்ற ஜெர்மானியக் கலை வரலாற்று அறிஞர், ஏற்கெனவே பரோடா அருங்காட்சியகத்தை நடத்தியவர். அதே ஆண்டு ஆகஸ்டில் லலித் கலா அகாதமியும் தொடங்கியது.

திறந்து வைத்தவர் நம்ம திருத்தணிக்காரர் என்பதைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்தது தத்துவத்தின் மேல் உள்ள ஆசையால் அல்ல. வீட்டில் காசில்லை. அதே கல்லூரியில் தத்துவம் படித்து முடித்த உறவுக்காரப் பையன் ஒருவர் தன் பழைய பாடப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம் என்று அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டார். உலகமே மதித்த ஒரு தத்துவப் பேராசிரியர் உருவானது இப்படி. எந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவன் யாராக இருந்தாலும் (நான் உட்பட) இதை ஒரு தரம் யோசித்துவிட்டுச் சொல்வது நல்லது.

*

டிக்கெட் வாங்கிக்கொண்டு புல்வெளிப் பக்கம் திரும்பினேன். அப்படியே நின்றுவிட்டேன்.

நான்கு பேர். இடுப்பில் துண்டு. உடம்பெல்லாம் முறுக்கேறிய நரம்பு. மொத்தப் பலத்தையும் போட்டு ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

"உழைப்பாளர் சிலைடா!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

மெரினாவில் அதைப் பார்க்காத தமிழன் உண்டா? வங்கித் தேர்வு எழுத முதன்முதலாகச் சென்னைக்கு வந்தபோது, மறுநாள் காலைத் தேர்வுக்கு முந்திய சாயங்காலம் அந்தச் சிலை நிழலில் உட்கார்ந்துதான் சுண்டல் தின்றேன். அது இங்கே எப்படி வந்தது? மகள் பெயர்ப்பலகையைப் படித்துச் சொன்னாள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி. இரண்டும் ஒரே சிற்பியின் ஒரே படைப்புதான். 1959 ஜனவரி 25 அன்று மெரினாவில் நிறுவியது சென்னைக்கு. இது தில்லிக்கு. 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் அதே சென்னைக் கடற்கரையில்தான் என்பதால் அங்கே அதற்கு ஓர் அர்த்தம் கூடிவிட்டது.

யார் இந்த ராய் சௌத்ரி? பெயரைப் பார்த்தால் வங்காளி. ஆனால் வாழ்க்கையின் பெரும்பகுதி சென்னைவாசி. 1899-இல் இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர்ப் பகுதியில் பிறந்து, அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். சென்னை பெரியமேட்டில் ஓர் ஓவியப் பள்ளி இருக்கிறதே, 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது, அதற்கு 1929-இல் தலைவராக வந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். 1957 வரை 28 வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். மல்யுத்தம் தெரியும், வேட்டை தெரியும், புல்லாங்குழல் வாசிப்பார். மெரினாவில் காந்தி சிலை இருக்கிறதல்லவா, அதுவும் அவர் கைவண்ணம். பாட்னாவில் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் உயிர் விட்ட ஏழு மாணவர்களின் நினைவுச் சின்னமும் அவருடையது. லலித் கலா அகாதமிக்கு முதல் தலைவர். கலைக்கூடம் 1954-இல் திறந்தபோது நடந்த முதல் கண்காட்சி சிற்பக் கண்காட்சி. ராம்கிங்கர் பைஜ், சங்கோ சௌத்ரி, தன்ராஜ் பகத் ஆகியோரோடு அதில் கலந்துகொண்டவர்களில் இவரும் ஒருவர்.

வேலைக்காக சொந்த ஊரை விட்டுக் கிளம்பி, மொழி தெரியாத ஊரில் 28 வருடம் கழித்து, அந்த ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்ட சிற்பத்தைச் செய்துவிட்டுப் போன மனிதர். இங்கே நாம் எல்லாரும் ஊரை விட்டு வந்தவர்கள்தானே. இந்த ஊருக்கு நாம் என்ன விட்டுவிட்டுப் போகப் போகிறோம் என்று ஒரு நிமிஷம் உறைத்தது.

*

இப்போது என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

தில்லியில் சர்தார் படேல் மார்க் வழியாக விமான நிலையத்துக்குப் போயிருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். கையில் கோலுடன் காந்தி முன்னே நடக்க, பின்னால் பத்துப் பேர். பதினொரு சிலை என்பதால் 'க்யாரா மூர்த்தி' என்று பெயர். தண்டி யாத்திரை. சரோஜினி நகரிலிருந்து சாணக்யபுரி வழியாகப் போனால் ரொம்ப தூரமில்லை. அதைச் செய்தவரும் ராய் சௌத்ரிதான்.

மகள் கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டியதும் எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கேயோ என்ன எங்கேயோ! வாழ்க்கையில் நான் மிக அதிகம் தடவை பார்த்த படமே அதுதான். பழைய மகாத்மா காந்தி வரிசை ஐந்நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கம்!

2016 நவம்பர் 8 ராத்திரி எட்டு மணி அறிவிப்பு உங்களுக்கு மறந்திருக்காது. ஒன்பதாம் தேதி பொதுமக்களுக்கு வங்கி கிடையாது. பத்தாம் தேதி காலை நான் வேலை பார்த்த கிளையின் ஷட்டரைத் தூக்கும்போது வரிசை தெருமுனை தாண்டி நின்றது. அன்றிலிருந்து டிசம்பர் 30 வரை தின்ற சோறு எது, தூங்கிய தூக்கம் எது என்று தெரியாது. மெஷின் எண்ணும், பிறகு கை எண்ணும். நூறு நூறாகக் கட்டு. முன்பக்கம் காந்தி முகம், பின்பக்கம் காந்தி நடை. ஓய்வூதியத்தை எடுக்க வந்த ஒரு பெரியவர் மூன்றாவது நாள் வரிசையிலேயே மயங்கி உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தோம். அவர் கையில் நான்கே நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டு இருந்தது. அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த இரவு புழக்கத்தில் இருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் சுமார் 1,716 கோடி. ஆயிரம் ரூபாய் நோட்டுகள் சுமார் 685 கோடி. 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி, அதாவது 99.3 சதவீதம், திரும்பி வந்துவிட்டதாகப் பின்னால் ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை சொன்னது. வந்த நோட்டையெல்லாம் பொடிப்பொடியாக நறுக்கி, அழுத்திக் கட்டிகளாக்கிவிட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வர் ஒருவர் செய்த சிற்பம் ஆயிரத்து எழுநூறு கோடிப் பிரதிகளுக்குக் குறையாமல் இந்தியா முழுக்க சட்டைப் பையிலும் முந்தானை முடிச்சிலும் இருந்திருக்கிறது. உலகத்தில் எந்தக் கலைக்கூடத்துக்கு இத்தனை பார்வையாளர்கள் உண்டு? ஆனால் அதை நாம் யாரும் பார்க்கவில்லை. எண்ணினோம், அவ்வளவுதான். ஐம்பது நாள் அதை விரலால் தள்ளித் தள்ளி எண்ணிய எனக்கே அந்தப் பதினொரு பேர் யார், செய்தவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

"நீங்க அதை எண்ணினீங்க அப்பா, பார்க்கல" என்றாள் மகள். குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால்தான் வலித்தது.

*

உள்ளே போனோம். கலைக்கூடத்தின் பெருமைக்கு முக்கிய காரணம் அம்ரிதா ஷெர்கில். 1913-இல் பிறந்து, 1941-இல் லாகூரில் 28 வயதில் இறந்துபோனவர். அப்பா சீக்கியர், அம்மா ஹங்கேரிக்காரர். பாரிஸில் படித்தவர். 1930-களின் பின்பாதியில் அஜந்தாவைப் பார்த்துவிட்டு, கன்னியாகுமரி வரை தென்னாட்டைச் சுற்றிவிட்டுப் போய் வரைந்த மூன்று பெரிய படங்கள் 1937-ஐச் சேர்ந்தவை. அதில் ஒன்று 'பிரம்மச்சாரிகள்'. சட்டையில்லாமல் வேட்டியும் பூணூலுமாக உட்கார்ந்திருக்கும் ஐந்து பையன்கள். இன்னொன்று சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார். தங்கமணி அந்தச் சந்தைப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "இந்த அம்மா முகத்துல ஒரு களைப்பு இருக்கு பாருங்க. நம்ம ஊர்ல சந்தைக்கு நடந்தே போவாங்களே, அந்தக் களைப்பு" என்றார். படத்தைப் பற்றி நான் கேட்ட முதல் விமர்சனம்.

ஷெர்கிலின் படைப்புகள் தேசியக் கலைச் செல்வம் என்று 1976-இல் அறிவிக்கப்பட்டவை. நாட்டை விட்டு வெளியே விற்க முடியாது. அப்படியிருந்தும் 2023 செப்டம்பரில் அவருடைய 'கதை சொல்பவர்' படம் இந்திய ஏலத்திலேயே 61.8 கோடி ரூபாய்க்குப் போனது.

"பார்த்தீங்களா அப்பா, அறுபத்தோரு கோடி!"

"அது யாருக்கும்மா போச்சு? வரைஞ்சவங்க செத்து எண்பது வருஷம் ஆச்சு. உயிரோட இருந்தப்ப படம் விக்கத் திண்டாடினவங்க அவங்க. நீ எண்பது வருஷம் கழிச்சு வர்ற வருமானத்தைக் காட்டி எங்கிட்ட லோன் கேக்கற."

கடன் மனுவைத் திருப்பி அனுப்பும் தொனியில் சொல்லிவிட்டேன் :-) அவள் முகம் சுண்டிவிட்டது. ஆனால் என் கேள்வி தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நம் வீடுகளில் இந்தக் கேள்வி கேட்பது கலை மேல் வெறுப்பால் அல்ல. பயத்தால். ஊரில் நிலமோ கடையோ இல்லாமல், மாதச் சம்பளம் ஒன்றை மட்டுமே நம்பி இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் நாம். கீழே வலை கட்டாத கயிறு மேல் நடப்பவர்கள். பிள்ளை இன்னும் மெல்லிய கயிறில் ஏறுகிறேன் என்றால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

*

பதில் அதே கட்டடத்தில் இன்னொரு சுவரில் இருந்தது. கே.சி.எஸ். பணிக்கர்.

கேன்வாஸ் முழுக்க எழுத்து மாதிரி எழுத்து, எண் மாதிரி எண், ஜாதகக் கட்டம் மாதிரி கட்டம். 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசை. ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கங்களைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். எனக்கு என்னவோ எங்கள் கிளையின் பழைய கையெழுத்து லெட்ஜர் மாதிரி இருந்தது. முதல்முறையாக ஒரு நவீன ஓவியத்தின் முன்னால் அன்னியமாக உணராமல் நின்றேன்.

பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பத்துக்காகப் படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். பிறகுதான் சென்னை ஓவியப் பள்ளியில் ராய் சௌத்ரியிடம் மாணவராகச் சேர்ந்தார். அங்கேயே ஆசிரியரானார், 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார், ராய் சௌத்ரி ஓய்வு பெற்றதும் 1957-இல் முதல்வர் நாற்காலிக்கும் வந்தார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் பார்த்தது என்ன? வருஷா வருஷம் கெட்டிக்காரப் பிள்ளைகள் படித்துவிட்டு வெளியே போகிறார்கள். போய்ச் சோற்றுக்கு வழியில்லாமல் தூரிகையைப் போட்டுவிட்டு ஏதாவது குமாஸ்தா வேலைக்குப் போகிறார்கள். நான் மகளிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் அவரும் கேட்டிருக்கிறார். ஆனால் நான் கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன். அவர் பதிலைக் கட்டினார்.

கலைஞர்கள் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் அமைத்தார்கள். பாத்திக் துணி, தோல், உலோகம், மண் என்று விற்கக்கூடிய பொருள்களைச் செய்தார்கள். அந்த வருமானம் சோற்றுக்கு. ஓவியம் அதன் போக்கில் நடக்கும், விற்றால் விற்கட்டும். அதில் சேர்ந்த பணமும் கைப்பணமும் போட்டு, அப்போது சவுக்கும் மணலுமாகக் கிடந்த ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966-இல் அங்கே உருவானதுதான் சோழமண்டலம் கலைஞர் கிராமம். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த இடத்தின் மதிப்பு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பணிக்கர் 1977-இல் காலமானார். அவர் மகன் நந்தகோபால், ஜானகிராம் போன்ற சிற்பிகளும் பல ஓவியர்களும் அங்கிருந்துதான் பேரெடுத்தார்கள். 2009-இல் அங்கேயே ஒரு நவீனக் கலை மையமும் திறந்தார்கள்.

வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், இது ஒழுங்கான ப்ராஜெக்ட் ரிப்போர்ட். நடைமுறை மூலதனத்துக்குத் தனி வழி, நீண்டகால முதலீட்டுக்குத் தனி வழி. இதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்திருந்தால் நானே சாங்ஷன் செய்திருப்பேன்.

இன்னொரு ஆளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் துறையூர் மண் என்னை மன்னிக்காது. ஓவியர் ஆதிமூலம். கி.ராஜநாராயணனின் கரிசல் எழுத்துகளுக்கு வரைந்தவர் என்றால் ஜூனியர் விகடன் படித்தவர்களுக்கு உடனே தெரியும். 1969 காந்தி நூற்றாண்டுக்கு நூறு காந்தி கோட்டோவியங்கள் வரைந்தவர். 2008-இல் மறைந்தார். அவர் பிறந்தது எங்கள் துறையூர்ப் பக்கத்துக் கிராமம்! பிறந்து வளர்ந்து பி.காம். முடிக்கும்வரை அந்த ஊரில் ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. அவரும் நெசவாளர் சேவை மையத்தில் அரசு வேலை பார்த்துக்கொண்டுதான் வரைந்தார். பகலில் கைத்தறி வடிவமைப்பு, மீதி நேரத்தில் கோடுகள். தந்தி இலாகா, பாத்திக் துணி, கைத்தறி வடிவமைப்பு... எல்லாரும் ஒரு கையில் சோற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் வரைந்திருக்கிறார்கள். அது கேவலமில்லை என்று மகளுக்குச் சொன்னேன். மறு கையை வெட்ட வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

*

எழுபது வயதான கலைக்கூடத்துக்கு இப்போது மும்பையில் 1996 முதலும், பெங்களூரில் 2009 முதலும் கிளைகள் உண்டு. அதே 2009-இல் தில்லியிலும் பழைய மாளிகைக்குப் பின்னால் புதிய கட்டடம் சேர்ந்தது. பெங்களூர்க் கிளை இருப்பது மாணிக்கவேலு மாளிகை, பெயரே சொல்லும் யாருடையது என்று. சென்னையில் கிளை இல்லை. ராய் சௌத்ரியும் பணிக்கரும் தனபாலும் பாடம் நடத்திய ஊருக்கு அது ஒரு குறைதான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் யாரும் அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஓர் ஒப்பந்தம் போட்டோம். பன்னிரண்டாவதில் காமர்ஸைக் கைவிடாமல் முடிக்க வேண்டும். ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதலாம். கிடைத்தால் போகலாம். ஆனால் ஓவியத்தோடு சோறு போடுகிற ஒரு கைத்தொழிலையும் ஒழுங்காகக் கற்க வேண்டும். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் 'பாத்திக் ஒப்பந்தம்'. இடம் கிடைத்தது. 2025-இல் சேர்ந்தாள். துணி அச்சு பழகுகிறாள், மீதி நேரத்தில் வரைகிறாள். என் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. விண்ணப்பம் போட்ட அன்றே அவள் பெயரில் ஒரு ஆர்.டி. தொடங்கிவிட்டேன். பயத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

கடைசியாக ஒரு விஷயம். வீடு மாறும்போது தங்கமணியின் துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு கிடைத்தது. கெடு தாண்டி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. 2017-இல் வந்த சட்டப்படி பத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் குற்றம், பயப்படாதீர்கள். வங்கி அதிகாரி வீட்டிலேயே செல்லாத நோட்டா என்று வெட்கப்பட்டு அதை ஒரு ஃபைலுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். கலைக்கூடம் போய் வந்த ராத்திரி அதை எடுத்து மகளிடம் கொடுத்தேன். தன் வரைபட நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். காந்தி முகத்தை உள்பக்கமாக வைத்து, அந்தப் பதினொரு பேர் வெளியே தெரியும்படி.

உங்கள் வீட்டுப் பருப்பு டப்பாவிலும் ஒன்று இருந்தால், திருப்பிப் பாருங்கள். இந்தத் தடவை எண்ண வேண்டாம்.